குளமும் குழாயும்: கசிவைக் கண்டறியும் முறை

கேரளத்தில் தமிழகத்தை ஒட்டிய மாவட்டங்களான இடுக்கியிலும் பாலக்காட்டிலும் நீரைச் சேமிக்கும் முறைகள் நிலத்திற்கேற்ப வேறுபடுகின்றன. உடும்பன்சோலை, பீர்மேடு வட்டங்களின் ஏலத் தோட்டங்களில் குழி வெட்டிப் பிளாஸ்டிக் விரிப்பு இட்டு மழைநீரைத் தேக்குகின்றனர். இவை ‘படுதாக் குளங்கள்’ என வழங்கப்படுகின்றன. பல வீடுகளுக்கு மலையூற்று நீர் கறுப்பு ஓஸ் குழாய் வழியே தானாகவே இறங்கி வருகிறது. பாலக்காட்டின் கிழக்கே மழைமறைவுப் பகுதியான வடகரப்பதி, எருத்தேம்பதி ஊராட்சிகளில் ஆழ்குழாய்க் கிணறுகளை நம்பி வேளாண்மை நடைபெறுகிறது. மூணாறு, தேக்கடி பகுதிகளில் சில தங்கும் விடுதிகளில் நீச்சல் குளங்களும் அமைந்துள்ளன. இவை அனைத்திற்கும் பொதுவான பகை ஒன்று உண்டு. அதுவே கசிவு.

இழப்பின் அளவு

நிமிடத்திற்கு 1 லிட்டர் வீதம் கசியும் இணைப்பு ஒரு நாளில் 1,440 லிட்டர் நீரை வீணாக்குகிறது. 2019ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஜல் ஜீவன் இயக்கம் கிராமப்புறத்தில் நபருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என வரையறுத்துள்ளது. அக்கணக்கின்படி, இந்த ஒரு கசிவு 26 பேரின் நீரைக் கொண்டு போகிறது. 2024ஆம் ஆண்டுக் கோடையில் இடுக்கியின் ஏலச்செடிகள் வறட்சியால் பெருமளவில் கருகியதை நினைத்தால் இதன் கடுமை விளங்கும்.

மலைச்சரிவில் வேறோர் ஆபத்தும் உண்டு. நீரில் ஊறிய மண் தன் உறுதியை இழக்கிறது. 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் 70 உயிர்களைப் பலிகொண்ட நிலச்சரிவு பெருமழையால் நேர்ந்தது. அத்தகைய சரிவுகளில், மழைக்கு முன்னரே குளக்கசிவு மண்ணை நனைத்து வைப்பது அறிவுடைமை ஆகாது.

கசிவா, ஆவியாதலா?

குளத்தில் நீர் குறைவதெல்லாம் கசிவன்று. வெயிலும் காற்றும் நாள்தோறும் ஓரளவு நீரை ஆவியாக்குகின்றன. இரண்டையும் பிரித்தறிய ஒரு வாளி போதும். குளத்து நீரை வாளியில் நிரப்பி, குளத்தின் படியில் பாதி மூழ்குமாறு வைக்க வேண்டும். வாளியின் உள்மட்டத்தையும் குளத்தின் மட்டத்தையும் குறித்துக்கொண்டு, மழையில்லாத நாளில், நீர் எடுக்காமல் 24 மணி நேரம் விட வேண்டும். இரண்டும் சமமாகக் குறைந்திருந்தால் அது ஆவியாதலே. குளத்தில் மட்டும் மிகுதியாகக் குறைந்திருந்தால் அந்த வேறுபாடே கசிவு. 10 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் உள்ள குளத்தில் 1 மில்லிமீட்டர் வேறுபாடு என்பது 50 லிட்டர்.

இடத்தை அறிதல்

நீரைச் சுழற்றும் பம்பு உள்ள நீச்சல் குளத்தில் இச்சோதனையைப் பம்பு ஓடும்போது ஒரு நாளும், நிறுத்தி ஒரு நாளும் செய்ய வேண்டும். ஓடும்போது இழப்பு மிகுந்தால் பம்பிலிருந்து குளத்திற்குத் திரும்பும் குழாயில் பழுது உள்ளது எனலாம். நிறுத்தியபோது மிகுந்தால் உறிஞ்சு குழாயை ஐயுற வேண்டும். உறிஞ்சு குழாயின் துளை, பம்பு ஓடும்போது நீரை வெளியே விடாமல் காற்றை உள்ளே இழுக்கும். திரும்பி வரும் நீரில் குமிழிகள் தோன்றுவது இதற்கு அடையாளம். இணைப்புகளில் சோப்பு நுரை தடவினால் துளையுள்ள இடத்தில் நுரை உள்ளே இழுக்கப்படும்.

இரு நாளும் இழப்பு ஒன்றாயிருந்தால் பழுது குளத்திலேயே உள்ளது. படுதாக் குளத்தில் வெளியேறும் வால்வை மூடிய பின்னும் நீர் குறைந்து, ஒரு மட்டத்தில் நின்றுவிடுமானால், துளை பெரும்பாலும் அம்மட்டத்தை ஒட்டியே இருக்கும். அசைவற்ற நீரில் சிறிது வண்ணநீரை விட்டால் அது துளையை நோக்கி இழுபடும். குழாய் விரிப்பைத் துளைத்துச் செல்லும் இடத்தை முதலில் பார்ப்பது நலம்.

ஓஸ் குழாயில் கீழ்முனையை மூடிய பின்னும் தலைப்பில் நீர் உள்ளே சென்றுகொண்டிருந்தால் இடையில் கசிவு உண்டு. நடுவிலுள்ள வால்வையும் மூடிப் பார்த்தால் எந்தப் பாதியில் என்பது தெரியும். நீளம் முழுவதும் தோண்ட வேண்டியதில்லை.

பழுது நீக்கலும் தடுப்பும்

பி.வி.சி. குழாயில் பழுதான பகுதியை வெட்டி நீக்கி, முனைகளை ஈரமின்றித் துடைத்து, கரைப்பசையால் புதுத்துண்டை இணைக்க வேண்டும். பசை நன்கு இறுகிய பின்னரே நீர் விட வேண்டும். கறுப்பு ஓஸ் குழாயில் அப்பசை பிடிக்காது. அதற்கு இறுக்கு இணைப்போ, வெப்ப ஒட்டோ தேவை. ரப்பர் பட்டை சுற்றுவது தற்காலிக ஏற்பாடே. விரிப்பின் கிழிசலுக்கு அதே வகைத் துண்டை வெப்பத்தால் ஒட்டலாம்.

குழாய் அடிக்கடி வெடித்தால் அழுத்தத்தையும் கணக்கிட வேண்டும். ஒவ்வொரு 10 மீட்டர் இறக்கத்திற்கும் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ அழுத்தம் கூடுகிறது. 60 மீட்டர் உயரத்திலுள்ள ஊற்றிலிருந்து வரும் குழாயை மூடும்போது அதன் அடிமுனை 6 கிலோ அழுத்தத்தைத் தாங்க வேண்டும். 4 கிலோ தரக்குழாய் அங்கு நிலைக்காது. இடையில் ஒரு திறந்த தொட்டி அமைத்து, அதில் மிதவை வால்வு பொருத்தினால் அழுத்தம் அங்கேயே தணிந்து, கீழே புதிதாகத் தொடங்கும்.

புதிய குளம் வெட்டப் பெரும் பொருள் வேண்டும். உள்ள குளத்தைக் காக்க ஒரு வாளியும் ஒரு நாள் பொறுமையும் போதும். மழைக்காலம் முடிந்து குளம் நிறைந்திருக்கும்போதே இச்சோதனையைச் செய்துவிட்டால், தேக்கிய நீர் கோடைக்கு எஞ்சும்.