ஞாயிறு ஓடாத லாரிகள்

இத்தாலியிலிருந்து பிரென்னர் கணவாய் வழியே ஜெர்மனிக்குப் போகும் லாரி, சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்குள் ஆஸ்திரியாவைத் தாண்டியாக வேண்டும். தவறினால் ஞாயிறு இரவு 10 மணிவரை ஓரங்கட்ட வேண்டியதுதான்! ஏழரை டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு அங்கே வார இறுதித் தடை. ஜெர்மனியிலும் ஞாயிறு முழுக்க, இரவு 10 வரை, ஓடக் கூடாது. சுவிட்சர்லாந்தில் இரவு 10 முதல் காலை 5 வரையும் தடை உண்டு. பால், இறைச்சி போன்ற கெட்டுப்போகும் சரக்குக்கு ஜெர்மனி விலக்கு தருகிறது.

சாலையோர ஊர்களுக்கு ஓய்வு தேவைதான். ஆனால் வீட்டைவிட்டு வெகுதூரத்தில் சிக்கிக்கொள்ளும் ஓட்டுநருக்கு லாரியை நிறுத்த இடமாவது கிடைக்க வேண்டாமா? ஜெர்மனியின் நெடுஞ்சாலைகளில் அதற்கே பெரும் தட்டுப்பாடு.