பழைய ஹார்டு டிஸ்க்கால் பறிபோன பல நூறு கோடி! - மார்கன் ஸ்டான்லி சிக்கிய கதை

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாகாணத்தில் ஐ.டி ஆலோசகர் ஒருவர், இணைய ஏலத் தளத்தில் செகண்ட் ஹேண்ட் ஹார்டு டிஸ்க்குகளை வாங்கியிருந்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தால், வால் ஸ்ட்ரீட் ஜாம்பவான் மார்கன் ஸ்டான்லியின் டேட்டா!

2017 அக்டோபரில் அந்த நிறுவனத்துக்கே மெயில் அனுப்பினார். 'இவ்வளவு பெரிய நிதி நிறுவனம், பழைய கருவிகளைக் கழிக்கும்போது கடுமையான விதிகளைக் கடைப்பிடிக்க வேண்டாமா?' என்பதுதான் சாராம்சம். பதறிய நிறுவனம், அந்த டிஸ்க்குகளை அவரிடமிருந்து திரும்ப வாங்கியது. ஆனால், கைநழுவிப் போனவை இன்னும் ஆயிரக்கணக்கில் இருந்தன.

எங்கே தவறு நடந்தது?

2016-ல் இரண்டு டேட்டா சென்டர்களை மூடியது மார்கன் ஸ்டான்லி. சர்வர்களையும் ஹார்டு டிஸ்க்குகளையும் அப்புறப்படுத்தும் வேலை, டேட்டாவை அழிப்பதில் முன் அனுபவமே இல்லாத ஒரு பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் நிறுவனத்திடம் போனது. தொடக்கத்தில் விவரம் தெரிந்த ஒரு ஐ.டி நிறுவனத்தைத் துணைக்கு வைத்திருந்த மூவர்ஸ், பிறகு அதைக் கைவிட்டு வேறொருவருக்கு விற்கத் தொடங்கியது. அங்கிருந்து கைமாறி ஏலத்துக்கு வந்துவிட்டன.

2020-ல் அமெரிக்க வங்கி ஒழுங்குமுறை அமைப்பு 60 மில்லியன் டாலர் அபராதம் விதித்தது. 2022 செப்டம்பரில் பங்குச் சந்தை ஆணையமான எஸ்.இ.சி இன்னொரு 35 மில்லியன் டாலர் போட்டது. அன்றைய மதிப்பில் இதுமட்டுமே சுமார் 280 கோடி ரூபாய். பாதுகாக்கத் தவறியது, ஏறக்குறைய 1.5 கோடி வாடிக்கையாளர்களின் தகவல்களை. காணாமல்போன கருவிகளில் பெரும்பாலானவை மீட்கப்படவில்லை என்றது எஸ்.இ.சி.

ஏன் விற்கிறார்கள்?

பெரிய நிறுவனங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, வாரன்டி முடிந்ததும் ஸ்டோரேஜ் கருவிகளை மாற்றிவிடும். பல டிஸ்க்குகள் அப்போதும் நன்றாகவே வேலை செய்யும். சிறு நிறுவனங்களும், வீட்டிலேயே சர்வர் வைத்துப் பழகும் ஆர்வலர்களும் குறைந்த விலைக்கு வாங்கிக்கொள்வார்கள். இதில் தப்பே இல்லை, குப்பையும் குறைகிறது. துடைக்காமல் விற்பதுதான் தப்பு.

'டெலீட்' பண்ணினால் போதாதா?

போதாது. ஃபைலை டெலீட் செய்வது, புத்தகத்தில் பொருளடக்கப் பக்கத்தை மட்டும் கிழிப்பது போல. உள்ளே பக்கங்கள் அப்படியே இருக்கும். 'ஒரே தகவலைப் பல டிஸ்க்குகளில் பிரித்து வைத்திருக்கிறோம், ஒன்றை மட்டும் வைத்து யார் என்ன செய்ய முடியும்?' என்று நினைப்பதும் ஆபத்து. ஒரு துண்டிலேயே பெயரும் கணக்கு எண்ணும் முழுதாகக் கிடைக்கலாம்.

ஹார்டு டிஸ்க் என்றால், முழுவதையும் புதிய தகவலால் மேலெழுத வேண்டும். எஸ்.எஸ்.டி-க்கு அதற்குள்ளேயே இருக்கும் அழிக்கும் கட்டளையைப் பயன்படுத்த வேண்டும். காந்தம் வைத்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. வேலை செய்யாத டிஸ்க்கைத் தூளாக்குவதே வழி. எல்லாவற்றையும்விட முக்கியம், ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் நம்பரையும் அழிப்புச் சான்றிதழோடு ஒப்பிட்டுப் பார்ப்பது.

முதலிலேயே என்கிரிப்ஷன் போட்டிருந்தால் சாவியை மட்டும் அழித்தால் போதும். மார்கன் ஸ்டான்லியின் கிளை அலுவலகக் கருவிகளில் அந்த வசதி இருந்தது. பல ஆண்டுகளாக அதை ஆன் செய்யவே இல்லை! அந்தக் கிளைகளிலிருந்து மட்டும் 42 சர்வர்களைக் காணவில்லை.

நமக்கு என்ன பாடம்?

இன்றைய ஸ்மார்ட்போன்கள் என்கிரிப்ஷனோடுதான் வருகின்றன. அதனால் விற்கும் முன் அக்கவுன்ட்களை நீக்கி, ஃபேக்டரி ரீசெட் செய்தால் பெரும்பாலும் போதும். மெமரி கார்டைக் கழற்ற மறக்காதீர்கள். பரணில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டர்தான் கவனிக்க வேண்டியது. அதைக் காயலான் கடையில் போடும்முன், ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். எடைக்குப் போட்டால் அதற்குக் கிடைப்பது சில ரூபாய்தான்; உள்ளே இருப்பது உங்கள் ஆதார், பான், குடும்பப் படங்கள்.