மரத்தின் தலைக்கு மேல் நடக்கலாம்: சிங்கப்பூர் மெக்ரிட்சிக்குப் போறீங்களா?

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன், மகள் வீட்டுக்குப் போகிறீர்களா? மரீனா பே, செந்தோசா, லிட்டில் இந்தியா எல்லாம் பார்த்து முடித்தபின், ‘மெக்ரிட்சி காட்டுல ட்ரீடாப் வாக் இருக்கு, போலாமா?’ என்று பிள்ளைகள் கேட்கலாம். அனுமதி இலவசம் என்றதும் உடனே கிளம்பத் தோன்றும். ஒரு கணக்கை மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள். பாலத்தின் நீளம் 250 மீட்டர்தான். ஆனால் அதைப் பார்த்துவிட்டுத் திரும்ப, பக்கத்து வழியான வீனஸ் டிரைவில் இருந்து போனாலே சுமார் 7 கிலோமீட்டர் நடக்க வேண்டும். நீர்த்தேக்கப் பூங்கா பக்கமிருந்து தொடங்கினால் 10 கிலோமீட்டருக்கும் மேல். மூன்று முதல் ஐந்து மணி நேரம் ஆகும்.

காட்டுக்குள் வண்டி போகாது. வீனஸ் டிரைவுக்கு அப்பர் தாம்சன் எம்ஆர்டி நிலையத்தில் இறங்கி நடந்தே போய்விடலாம். அங்கிருந்து பாலம் வரை ஏற்ற இறக்கமான பாதை. நிழல் உண்டு, ஆனால் காற்றில் ஈரம் அதிகம், வியர்த்துக் கொட்டும். வழியில் கடை எதுவும் இல்லாததால் ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டிலாவது கையில் இருக்கட்டும். செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கோங்க.

2004-ல் திறக்கப்பட்ட இந்தத் தொங்கு பாலம் புக்கிட் பியர்ஸ், புக்கிட் கலாங் என்ற இரண்டு குன்றுகளை இணைக்கிறது. ‘புக்கிட்’ என்றால் மலாய் மொழியில் குன்று. மிக உயரமான இடத்தில் தரையிலிருந்து 25 மீட்டர், அதாவது எட்டு மாடி உயரம். நடக்கும்போது லேசாக ஆடும். தொங்கு பாலத்தின் அமைப்பே அப்படித்தான், பயப்பட வேண்டாம். ஒருவழிப் பாதை என்பதால் பாதியில் திரும்பி வர முடியாது. உயரம் ஒத்துக்கொள்ளாதவர்கள் ஏறும் முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது. பாலம் முடிந்த பிறகும் நிறைய மரப்படிகள் இருக்கின்றன. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அந்தப் படிகள்தான் உண்மையான சோதனை.

மேலே நின்று பார்த்தால் கீழே தெரியாத காடு தெரியும். பறவைகள் கண் மட்டத்திலேயே பறக்கும். நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிற துடுப்புவால் கரிச்சானை அங்கேயும் பார்க்கலாம்.

அடுத்து, குரங்குகள். மலைக்கோயில்களில் குரங்குக்குப் பழம் கொடுப்பது நமக்குப் பழக்கம். அங்கே அது சட்டப்படி குற்றம். முதல் தடவையே 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். (அந்த ஊர்த் தமிழில் டாலருக்கு ‘வெள்ளி’ என்றுதான் பேர்.) பிளாஸ்டிக் பையைப் பார்த்தாலே சாப்பாடு என்று நினைத்துக் குரங்குகள் பறிக்க வரும். அதனால் எதுவானாலும் முதுகுப் பைக்குள் வைத்து மூடிவிடுங்கள்.

திங்கட்கிழமை பாலம் மூடியிருக்கும், பொது விடுமுறையாக இருந்தால் மட்டும் திறப்பார்கள். மற்ற நாட்களில் மாலை 5 மணி வரைதான். இடி, மழை வந்தால் இடையிலும் மூடிவிடுவார்கள். பராமரிப்புக்காக மூடுவதும் உண்டு. எனவே கிளம்பும் அன்று காலை தேசியப் பூங்காக் கழகத்தின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள்.

அப்பா, அம்மாவால் அவ்வளவு தூரம் நடக்க முடியாதா? அவர்களுக்கு ‘சதர்ன் ரிட்ஜஸ்’ பகுதியில் உள்ள ‘ஃபாரஸ்ட் வாக்’ பொருத்தம். இது 1.3 கிலோமீட்டர் நீளத்துக்கு மரங்களுக்கு இடையே உயர்த்திக் கட்டிய இரும்புப் பாதை. சாய்வு மிகக் குறைவு, சக்கர நாற்காலியும் போகும். முடிந்தவரை போய்விட்டு, எப்போது வேண்டுமானாலும் வந்த வழியே திரும்பிக்கொள்ளலாம்.