சொன்ன பேச்சைக் கேட்காத சுக்கான்

கப்பல் வாழ்க்கை – தொடர் 12

லண்டன், தேம்ஸ் ஆற்றின் தென்கரை. ஆல்பர்ட் எம்பேங்க்மென்ட், கதவு எண் 4. ஐக்கிய நாடுகள் சபையின் சிறப்பு அமைப்புகளில் பிரிட்டனில் தலைமையகம் வைத்திருப்பது சர்வதேசக் கடல்சார் அமைப்பு ஒன்றுதான். அதன் அலுவலகம் இங்கேதான் இருக்கிறது. வாசலில் ஏழு மீட்டர் உயரத்துக்கு ஒரு வெண்கலக் கப்பலின் முன்பகுதி எழுந்து நிற்கிறது. அதன் மேல் ஒரே ஒரு மாலுமி, கண்காணிப்புப் பணியில். உலகக் கப்பல் தொழிலாளர்களின் நினைவாக 2001இல் வைத்த சிலை இது.

நம்மூர் மீனவர்கள் ‘அணியம்’ என்று சொல்லும் அந்த முன்முனையில் நிற்பவருக்கு இரண்டு வேலைகள். பார்க்க வேண்டும், பார்த்ததைச் சொல்ல வேண்டும். கேட்கச் சுலபமாகத்தான் இருக்கிறது. இந்தச் சிலையைத் தாண்டி ஓடும் அதே ஆற்றில், சில கிலோமீட்டர் கீழே, அந்த இரண்டும் தவறியதால் 51 உயிர்கள் போயின.

1989 ஆகஸ்ட் 20, அதிகாலை 1.46 மணி. ‘மார்ச்சியனஸ்’ என்ற உல்லாசப் படகில் ஒரு பிறந்தநாள் விருந்து. ஏறக்குறைய 130 பேர், பெரும்பாலும் இளைஞர்கள். 1923இல் கட்டிய சிறிய படகு அது. அதே திசையில் பின்னால் வந்துகொண்டிருந்தது ‘போபெல்’ என்ற 80 மீட்டர் நீள மணல் அள்ளும் கப்பல். கேனன் ஸ்ட்ரீட் ரயில் பாலத்துக்கு அருகே கப்பல் படகை இடித்து, கவிழ்த்து, நீருக்குள் அழுத்தியது. சுமார் 30 விநாடிகளில் எல்லாம் முடிந்துவிட்டது.

போபெல்லைச் செலுத்துபவர்கள் நிற்கும் பிரிட்ஜ் கப்பலின் பின்கோடியில் இருந்தது. மணல் அள்ளும் தளவாடங்கள் எதிரே நின்று பார்வையை மறைத்தன. அந்தக் குறையைச் சரிக்கட்டத்தான் முன்னால் ஒருவரை நிறுத்தியிருந்தார்கள். அவருக்கோ தெளிவான உத்தரவு எதுவும் தரப்படவில்லை என்றது கடல் விபத்துப் புலனாய்வுப் பிரிவு. மார்ச்சியனஸை ஓட்டியவராலும் பின்னால் வருவதைச் சரியாகப் பார்க்க முடியாத அமைப்பு. இரண்டு கப்பல்களிலுமே கண்காணிப்பு சரியில்லை என்று 2001இல் வந்த முழு விசாரணையின் அறிக்கையும் சொன்னது.

அன்று எஞ்சின் ஓடியது. சுக்கான் திரும்பியது. விளக்குகள் எரிந்தன. எல்லாம் வேலை செய்தும் இவ்வளவு இழப்பு என்றால், இயந்திரமே கைவிட்டுவிட்டால் பிரிட்ஜில் இருப்பவர் என்ன செய்வார்?

அதற்கு 1978க்குப் போக வேண்டும். மார்ச் 16, பிரான்ஸின் பிரிட்டனி கடற்கரைக்கு அப்பால் கொந்தளிக்கும் கடல். ‘அமோகோ காடிஸ்’ என்ற ராட்சத டேங்கரில் 2,20,000 டன்னுக்கு மேல் கச்சா எண்ணெய். காலை 10 மணிக்குச் சற்று முன்பு சுக்கான் இயந்திரத்தின் ஹைட்ராலிக் எண்ணெய் பீறிட்டு வெளியேறியது. பிரிட்ஜில் சக்கரத்தைத் திருப்பினால் பின்னால் சுக்கான் அசையவில்லை. கட்டுப்பாட்டில் இல்லை என்ற அடையாளத்தைக் கப்பல் ஏற்றியது. ஆனால் இழுவைக் கப்பலை உதவிக்குக் கூப்பிட ஒன்றரை மணி நேரம் போயிற்று.

‘பசிபிக்’ என்ற ஜெர்மானிய இழுவைக் கப்பல் வந்தது. வந்ததும் ஒப்பந்தப் பேச்சு. லண்டன் லாயிட்ஸ் பெயரில் கடல் உலகமெங்கும் புழங்கும் மீட்பு ஒப்பந்தம் ஒன்று உண்டு: காப்பாற்றினால் வெகுமதி, காப்பாற்றாவிட்டால் ஒன்றும் இல்லை. அதன்படிதான் வேலை என்றார் இழுவைக் கப்பலின் கேப்டன். சாதாரண இழுவைக் கூலி போதும் என்றது டேங்கர். சிகாகோவில் இருந்த நிறுவனத்தைக் கேட்டு, இசைவு கிடைக்க மாலை 4 மணி ஆகிவிட்டது. கட்டிய வடம் அறுந்தது. இரவு 9 மணியளவில் டேங்கர் பாறையில் தட்டியது. எண்ணெய் முழுவதும் பிரிட்டனி கரையில்.

அதன் பிறகு லண்டனில் நாடுகள் கூடிப் பேசி, 1981இல் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான உடன்படிக்கையைத் திருத்தின. டைட்டானிக் மூழ்கிய பிறகு, 1914இல், இதே லண்டனில் முதன்முதலாக எழுதிய உடன்படிக்கைதான் அது. பெரிய டேங்கர்களில் சுக்கான் அமைப்பின் ஒரு பாகம் பழுதானாலும் 45 விநாடிகளுக்குள் மீண்டும் திருப்ப முடிய வேண்டும் என்பது புதிய விதி. கப்பல் புறப்படுவதற்கு முந்தைய 12 மணி நேரத்துக்குள் சுக்கானைச் சோதித்தாக வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அவசரச் சுக்கான் பயிற்சி நடத்த வேண்டும். அந்தப் பயிற்சியில் பிரிட்ஜோடு பேசும் முறையையும் பழக வேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது.

பேசும் முறை! அதன் மதிப்பை 2024 மார்ச் 26 அன்று உலகம் பார்த்தது.

அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்திலிருந்து நள்ளிரவு தாண்டிப் புறப்பட்டது ‘டாலி’ என்ற சரக்குக் கப்பல். ஏறக்குறைய 300 மீட்டர் நீளம். ஊழியர்கள் 21 பேரில் 20 பேர் இந்தியர்கள், ஒருவர் இலங்கையர். கப்பலுக்கு வழிகாட்டும் உள்ளூர்ப் பைலட்டுகள் இருவர் பிரிட்ஜில் இருந்தார்கள். மணி 1.25 வாக்கில் விளக்குகள் அணைந்தன. சுக்கான் பம்புகள் நின்றன. எஞ்சினும் நின்றது. மின்சாரம் வந்தது, மறுபடி போனது. எதிரே பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலம்.

முதல் மின்தடைக்குக் காரணமான பழுது மிகச் சிறியது. ஒரு சமிக்ஞைக் கம்பியின் மேல் மாட்டியிருந்த பெயர்ப்பட்டை, கம்பியின் நுனியை இணைப்புக்குள் முழுதாகப் போகவிடவில்லை. கம்பி தளர்ந்து சுற்று துண்டானது என்று அமெரிக்கப் புலனாய்வாளர்கள் 2025 நவம்பரில் சொன்னார்கள். இருட்டான பிரிட்ஜில் நின்றவர்களுக்கு அது தெரிய வழியில்லை. காரணம் தேடிக்கொண்டிருக்க நேரமும் இல்லை.

பைலட் இழுவைக் கப்பல்களைக் கூப்பிட்டார். இடப்பக்க நங்கூரத்தைப் போடச் சொன்னார். கப்பலில் மின்சாரம் இல்லை, பாலத்தை நோக்கிப் போகிறோம் என்று ரேடியோவில் அறிவித்தார். செய்தி பாலத்துப் போலீசுக்குப் போனது. இரு முனைகளிலும் காவலர்கள் வாகனங்களை மறித்தார்கள். அறிவிப்புக்கும் பாலம் விழுந்ததற்கும் இடையே இரண்டு நிமிடம்கூட இல்லை. அந்தக் குரல் எழாமல் இருந்திருந்தால் ஓடும் கார்களும் லாரிகளும் ஆற்றில் விழுந்திருக்கும்.

ஆனால் பாலத்தின் நடுவே சாலைக் குழிகளைச் சரிசெய்துகொண்டிருந்த குழுவுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. இன்னொரு காவலர் வந்ததும் போய் அவர்களை அழைத்து வருகிறேன் என்று ஒரு காவலர் ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குள் பாலம் சரிந்தது. தொழிலாளர்கள் ஆறு பேர் இறந்தார்கள். வாகனங்களை மறிக்க வைத்த செய்தி இன்னும் சில நூறு மீட்டர் போயிருந்தால் அவர்களும் வீடு திரும்பியிருக்கலாம்.

தேம்ஸ் தன் பாடத்தை மார்ச்சியனஸிடம் கற்றது. 2002இல் ஆற்றோரம் நான்கு உயிர்காப்புப் படகு நிலையங்கள் திறந்தன. அவற்றில் ஒன்று இன்று வாட்டர்லூ பாலத்தருகே மிதந்தபடி இரவும் பகலும் விழித்திருக்கிறது. ஆற்றில் நுழையும் கப்பலில் கோளாறு இருந்தால் துறைமுகப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்குத் தெரிவித்தாக வேண்டும். மறைத்துக்கொண்டு வரக்கூடாது.

சென்னையிலோ தூத்துக்குடியிலோ படித்துவிட்டு முதல் கப்பல் ஏறும் டெக் கேடட், மூன்று மாதத்துக்குள் ஒருநாள் கப்பலின் பின்பக்க அடித்தளத்துக்கு இறங்குவான். சுக்கான் இயந்திர அறை. எண்ணெய் வாடை. பம்புகளின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. பிரிட்ஜிலிருந்து வரும் கட்டுப்பாட்டை வேண்டுமென்றே துண்டித்திருப்பார்கள். காதில் ஹெட்போன். அதில் குரல் வரும்: “ஸ்டார்போர்டு டென்.” அவன் அதையே உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு வால்வை இயக்கி, சுக்கான் முள் வலப்பக்கம் பத்து டிகிரியைத் தொடும்வரை கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டும். தொட்டதும் மறுபடி சொல்ல வேண்டும்: “ஸ்டார்போர்டு டென், சார்.” மேலே பிரிட்ஜில், அந்தப் பதில் காதில் விழுந்த பிறகே அடுத்த உத்தரவு பிறக்கிறது.

(தொடரும்)