உங்களுக்குத் தெரியுமா? முதுகில் ஒட்டி வரும் லாரி!

காரில் போகிறீர்கள். கண்ணாடியில் பார்த்தால் லாரியின் முகப்பு மட்டும்தான் தெரிகிறது. நம்பர் பிளேட்டைக் காணோம்! அந்த லாரிக்கும் உங்களுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைப் பற்றித் தேடித் தேடிச் சேர்த்தவை இவை. ஒவ்வொன்றும் தூக்கிவாரிப் போடும்!

80 கி.மீ. வேகத்தில் ஓடும் லாரி ஒரே நொடியில் 22 மீட்டர் தாண்டிவிடும். நீங்கள் "ஐயோ" என்று வாய் திறப்பதற்குள் ஏறக்குறைய இரண்டு பேருந்து நீளம்!

லோடு ஏற்றிய 36 டன் டிரெய்லர் 105 கி.மீ. வேகத்தில் போகிறது. டிரைவர் ஆபத்தைப் பார்த்து, பிரேக் மிதித்து, வண்டி நிற்க எவ்வளவு தூரம் வேண்டும்? அமெரிக்கக் கணக்குப்படி 525 அடி! அதே வேகத்தில் காருக்கு 316 அடி போதும். மிச்சம் 209 அடி யார் தலையில்? முன்னால் போகிறவர் தலையில்!

வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரமும் இரண்டு மடங்கா? இல்லவே இல்லை. நான்கு மடங்கு! வேகம் மூன்று மடங்கானால்? ஒன்பது!

பெரிய லாரிகளின் பிரேக் காற்றில் இயங்குவது. மிதித்தவுடன் பிடிக்காது! காற்று குழாய் வழியாக ஓடி, கடைசிச் சக்கரம் வரை போய்ச் சேர வேண்டும். அதற்கே ஏறக்குறைய அரை நொடி. 80 கி.மீ. வேகத்தில் அந்த அரை நொடி என்பது 11 மீட்டர். பிரேக் மிதித்தாயிற்று, வேகம் மட்டும் ஒரு துளியும் குறையவில்லை!

டீக்கடை முன்னால் லாரி நிற்கும்போது 'புஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வருமே, கேட்டிருக்கிறீர்களா? அது பார்க்கிங் பிரேக்குக்கான காற்று வெளியேறும் சத்தம். காற்று போனதும் உள்ளே இருக்கும் முரட்டு ஸ்பிரிங் சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும். நிறுத்திவைப்பது காற்று அல்ல, ஸ்பிரிங்!

இதைக் கேளுங்கள். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடாகும். சூடானால் விரியும். விரிந்தால் உள்ளே இருக்கும் பிரேக் ஷூவை விட்டு விலகிப் போகும்! மிதிக்க மிதிக்க, பிடிக்க வேண்டிய இரும்பே தள்ளித் தள்ளிப் போகிறது. எனக்கு இதைப் படித்த அன்று தூக்கம் வரவில்லை!

தர்மபுரியிலிருந்து சேலம் இறங்கும் தொப்பூர் கணவாயில் நடப்பதும் இதுதான். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிறார்கள். இன்ஜின் இழுத்துப் பிடிக்காது. மொத்த பாரமும் பிரேக்கின் மேல்! முன்னால் ஊர்ந்து போகும் வண்டிகளின் கதி? 2024 ஜனவரியில் அங்கே நடந்த விபத்தின் காட்சியை நாடே பார்த்து உறைந்தது. "ஏறுன கியர்லதான் இறங்கணும்" என்று பழைய டிரைவர்கள் சொல்வது இதற்காகத்தான்!

லோடு லாரிதான் ஆபத்து, காலி லாரி பரவாயில்லை என்று நினைக்கிறீர்களா? தப்பு! காலி லாரி குதிக்கும், சக்கரம் பூட்டிக்கொள்ளும், தரையில் பிடிப்பு குறையும். லோடு ஏற்றிய லாரியைவிட நிற்க அதிக தூரம் எடுக்கலாம் என்கிறது அமெரிக்க டிரைவர் கையேடு!

2018-ல் இந்தியா லாரிகளின் அதிகபட்ச எடை வரம்பை 49 டன்னிலிருந்து 55 டன்னாக உயர்த்தியது. ஒரு பெரிய ஆண் யானை 5 டன் என்றால், உங்கள் பின்னால் வருவது 11 யானைகள்!

ஜெர்மனியின் ஆட்டோபானில், 50 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் லாரி முன்வண்டிக்கு 50 மீட்டர் இடைவெளி விட்டே ஆக வேண்டும். அளப்பது எப்படி? சாலையோரக் குட்டைக் கம்பங்கள் 50 மீட்டருக்கு ஒன்றாக நிற்கின்றன! சாலையே அளவுகோல்!

நம் ஊரில் 1989-ல் வந்த சாலை விதிகளில் 23-ஆம் விதி இதற்கென்றே எழுதப்பட்டது. முன்வண்டி சட்டென்று நின்றாலும் மோதாதபடி 'போதிய தூரம்' விட வேண்டும் என்றது. எத்தனை மீட்டர்? ஓர் எண்கூட இல்லை! எனக்கென்னவோ ஜெர்மன்காரர்களின் கம்பம்தான் பிடித்திருக்கிறது.

அடியில் அளக்காமல் நொடியில் எண்ணவும் ஒரு வழி இருக்கிறது! வண்டி நீளத்தில் 10 அடிக்கு ஒரு நொடி. 65 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் இன்னொரு நொடி. 60 அடி டிரெய்லருக்கு 7 நொடி! முன்வண்டி ஒரு மரத்தைத் தாண்டியதும் "ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு" என்று எண்ணத் தொடங்குங்கள். ஆயிரத்தேழுக்கு முன்னால் லாரி அந்த மரத்தை எட்டிவிட்டால், அது ஒட்டிப் போகிறது!

செல்போனில் மெசேஜ் தட்டும் லாரி டிரைவருக்கு ஆபத்து எத்தனை மடங்கு கூடும்? வர்ஜீனியா டெக் ஆய்வாளர்கள் 2009-ல் சொன்ன விடை: 23 மடங்கு!

லாரியை ஒட்டிப் போகும் காருக்கும் கண்டம்தான். 1967-ல் ஹாலிவுட் நடிகை ஜேன் மேன்ஸ்ஃபீல்ட் பயணித்த கார் ஒரு டிரெய்லரின் பின்பக்கத்தில் மோதி அடியில் புகுந்தது. அவர் அங்கேயே இறந்தார். லாரிக்குப் பின்னால் தொங்கும் இரும்புத் தடுப்புக்கு அமெரிக்காவில் இன்றும் 'மேன்ஸ்ஃபீல்ட் பார்' என்றே பெயர்!

2016 ஏப்ரலில் ஐரோப்பாவின் 6 நிறுவனங்களின் லாரிகள் வேண்டுமென்றே ஒன்றையொன்று ஒட்டியபடி ராட்டர்டாம் வந்து சேர்ந்தன! முன் லாரி பிரேக் போட்டதும் வயர்லெஸ் சொல்ல, பின் லாரியும் உடனே போட்டது. மனிதக் கால் ஆக்சிலரேட்டரை விட்டுப் பிரேக்குக்கு மாறவே முக்கால் நொடி!