பயன்படுத்திய கிதார்களில் தோற்றச் சேதமும் மறுவிற்பனை மதிப்பும்

தோற்றச் சேதம் என்பது ஒரு கிதாரின் ஒலியையோ வாசிக்கும் வசதியையோ பாதிக்காமல், அதன் வெளித்தோற்றத்தை மட்டும் பாதிக்கும் குறைபாடு ஆகும். கீறல், சிறு பள்ளம், மெருகு உதிர்தல், நிறம் மங்குதல், உலோகப் பகுதிகளின் பளபளப்புக் குறைதல் ஆகியவை இவ்வகையில் அடங்கும். பயன்படுத்திய கிதார் ஒன்றை விற்கும்போது இச்சேதங்கள் விலையில் ஏற்படுத்தும் தாக்கம் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரே அளவிலான கீறல் ஒரு கிதாரின் விலையைக் குறைக்கலாம். இன்னொன்றில் எந்த மாற்றமும் செய்யாமல் இருக்கலாம். மற்றொன்றில் அதன் பழமைக்குச் சான்றாகவும் அமையலாம். கிதாரின் வகை, வயது, மெருகுப்பூச்சு, அதற்கு முன்னால் இருந்த உரிமையாளர் ஆகியவற்றைப் பொறுத்தே இது அமைகிறது.

தோற்றச் சேதமும் கட்டமைப்புச் சேதமும்

கிதாரை மதிப்பிடுவதில் முதல் படி, தோற்றச் சேதத்தையும் கட்டமைப்புச் சேதத்தையும் பிரித்தறிவதாகும். மெருகில் மட்டும் விழுந்த கோடு தோற்றச் சேதம். மரத்தையே பிளந்துள்ள கோடு கட்டமைப்புச் சேதம். மேலோட்டமாகப் பார்க்கையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். பழைய கிதார்களின் மெருகில் மெல்லிய வெடிப்புகள் பல, மர ரேகைக்குக் குறுக்காகவும் வலைப்பின்னல் போலவும் காணப்படும். மரப் பிளவோ பெரும்பாலும் ரேகையை ஒட்டியே ஓடும். ஒலித்துளை வழியாக உள்ளே விளக்கைச் செலுத்திப் பார்த்தால் பிளவு உட்புறத்திலும் தெரியும். கோட்டின் இருபுறமும் விரலால் மெதுவாக அழுத்தும்போது மரம் அசைந்தால் அது பிளவு என்பது உறுதி.

கட்டமைப்புச் சேதங்களில் மதிப்பை மிகுதியாகக் குறைப்பவற்றுள் ஒன்று தலைப்பகுதி முறிவு ஆகும். கிப்சன் நிறுவனத்தின் பல மாதிரிகளில் தலைப்பகுதி ஏறத்தாழ 17 பாகை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். கழுத்து ஒரே மகோகனித் துண்டில் செதுக்கப்படுவதால், சாய்வு தொடங்கும் இடத்தில் மர ரேகை குறுகிய நீளத்தில் அறுபட்டு வலுவிழக்கிறது. கழுத்தை நேராக்கும் இரும்புக்கம்பியைத் திருகுவதற்கான குழியும் அதே இடத்தில்தான் உள்ளது. எனவே கிதார் பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தாலே அவ்விடம் முறிய வாய்ப்புண்டு. திறமையாக ஒட்டப்பட்ட முறிவு பல ஆண்டுகள் தாங்கும். ஆயினும் அத்தகைய கிதாருக்குப் பாதி விலையே கிடைக்கும் என்பது பழைய கிதார் வணிகத்தில் வழங்கிவரும் பொதுக் கணக்கு. ஃபெண்டர் நிறுவனத்தின் கிதார்களில் தலைப்பகுதி சாய்வின்றி நேராக அமைவதால் இவ்வகை முறிவு அரிதாகவே நேர்கிறது.

மார்ட்டின் நிறுவனத்தின் பழைய கிதார்களில் இன்னொரு வகைப் பிளவு காணப்படுகிறது. அவற்றில் கீறல் தடுக்கும் பிளாஸ்டிக் தகடு, மெருகு பூசுவதற்கு முன்பே வெறும் மரத்தின்மேல் ஒட்டப்பட்டது. காலப்போக்கில் தகடு சுருங்கி மரத்தையும் இழுத்ததால் அதன் ஓரத்தில் பிளவு உண்டானது. இது அக்காலக் கிதார்களில் பரவலாகக் காணப்படுவது. முறையாகச் சரிசெய்யப்பட்டிருந்தால் வாங்குவோர் இதைப் பெருங்குறையாகக் கொள்வதில்லை.

மெருகுப்பூச்சின் பங்கு

கிதாரின் மேல் எந்த மெருகு பூசப்பட்டுள்ளது என்பது, சேதம் எப்படித் தோன்றும், எப்படிச் சரிசெய்யப்படும் என்பவற்றைத் தீர்மானிக்கிறது.

நைட்ரோசெல்லுலோஸ் மெருகு மெல்லியது. வியர்வை, உராய்வு, குளிர் ஆகியவற்றால் எளிதில் தேயும். குளிரில் இருந்த கிதாரை வெப்பமான அறையில் உடனே பெட்டியிலிருந்து எடுத்தால், மரமும் மெருகும் வெவ்வேறு வேகத்தில் விரிவதால் வெடிப்புகள் தோன்றும். சில ரப்பர், வினைல் தாங்கிகளும் இம்மெருகுடன் வினைபுரிந்து அழியாத தடத்தை விட்டுவிடும். ஆனால் இம்மெருகுக்கு ஒரு நன்மையும் உண்டு. புதிதாகப் பூசும் மெருகு பழையதைச் சற்றுக் கரைத்து அதனுடன் ஒன்றிவிடுவதால் சிறு சேதங்களைத் தடம் தெரியாமல் சரிசெய்ய முடியும்.

பாலியெஸ்டர், பாலியூரித்தேன் மெருகுகள் தடிப்பானவை, கடினமானவை. ஃபெண்டர் நிறுவனம் 1960களின் இறுதியில் பாலியெஸ்டருக்கு மாறியது. இன்று விற்கப்படும் நடுத்தர, குறைந்த விலைக் கிதார்களில் பெரும்பாலானவை இவ்வகை மெருகே பெற்றுள்ளன. இவை எளிதில் தேய்வதில்லை; ஆனால் பலமாக அடிபட்டால் சில்லுச்சில்லாகப் பெயரும். பழைய மெருகு கரைந்து புதியதுடன் ஒன்றாததால், பெயர்ந்த இடத்தில் உடனடிப் பசையைத் துளித்துளியாக நிரப்பித் தேய்த்துச் சமப்படுத்துவதே வழக்கம். அருகிலிருந்து பார்த்தால் தடம் தெரியக்கூடும்.

செவ்வியல் கிதார்களில் உயர்ந்தவற்றுக்கு அரக்கு மெருகு பூசப்படுகிறது. இது மிக மென்மையானது. நகம் பட்டாலும் கோடு விழும். எனினும் கைதேர்ந்தவர் மீண்டும் பூசிச் சீராக்க முடியும்.

சாதாரணக் கிதார்கள்

மாணவர்களும் தொடக்கநிலை வாசிப்பாளர்களும் வாங்கும் கிதார்கள் பெருந்தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கில் செய்யப்படுபவை. இவற்றில் தோற்றச் சேதம் நேரடியாக விலையைக் குறைக்கிறது. காரணம் எளியது. அதே மாதிரி புதிதாகக் கடையில் கிடைக்கும்போது, கீறலுள்ள பழையதை வாங்குபவர் அதற்கேற்ற தள்ளுபடியை எதிர்பார்ப்பார்.

சேதம் எங்குள்ளது என்பதும் முக்கியம். வாசிப்பவரின் இடுப்புப் பட்டையின் கொக்கி உராய்ந்து கிதாரின் பின்புறத்தில் உண்டாகும் கீறல்கள் பார்வையாளருக்குத் தெரிவதில்லை. ஆகவே விலையைச் சிறிதளவே குறைக்கின்றன. முன்பக்கத்தில் உள்ள பள்ளம் ஒளிப்படத்திலேயே தெரிவதால் அதிகம் குறைக்கிறது. கழுத்தின் பின்புறத்தில் உள்ள சிறு பள்ளம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், வாசிக்கும்போது கட்டைவிரலில் தட்டுப்படும். எனவே அது தோற்றச் சேதமாக மட்டும் கருதப்படுவதில்லை.

இவ்வகைக் கிதாரை விற்பதற்கு முன் மறுபூச்சு செய்வது பெரும்பாலும் நட்டத்திலேயே முடியும். எடுத்துக்காட்டாக, நல்ல நிலையில் 12,000 ரூபாய்க்கு விலைபோகக்கூடிய கிதார் ஒன்று கீறல்களால் 10,500 ரூபாய்க்குக் கேட்கப்படுகிறது எனக் கொள்வோம். மறுபூச்சுக்கு 6,000 ரூபாய் செலவிட்டாலும் விலை 12,000 ரூபாயைத் தாண்டாது. அதாவது 1,500 ரூபாயை மீட்க 6,000 ரூபாய் செலவாகிறது. துடைத்துச் சுத்தம் செய்வதும், துருப்பிடித்த தந்திகளை மாற்றுவதும், தளர்ந்த திருகுகளை முடுக்குவதும் குறைந்த செலவில் கூடுதல் பயன் தருபவை.

பழமைக் கிதார்கள்

சேகரிப்பாளர்கள் விரும்பும் பழமைக் கிதார்களில் கணக்கு மாறுகிறது. அங்குப் புதியதுபோன்ற தோற்றத்தைவிட அசல் தன்மையே மதிப்பின் அடிப்படை. தொழிற்சாலையில் பூசிய மெருகு தேய்ந்திருந்தாலும் அது அசல். அழகாக மறுபூச்சு செய்யப்பட்டது அசல் அன்று. முழுமையாக மறுபூச்சு செய்யப்பட்ட பழமைக் கிதார், அசல் மெருகுள்ளதன் விலையில் ஏறத்தாழ பாதியையே பெறும் என்பது இவ்வணிகத்தின் மற்றொரு பொதுக் கணக்கு. நன்மை செய்வதாக எண்ணிப் பழைய கிதாரைச் சுரண்டி வண்ணம் பூசியவர்கள், அறியாமலேயே அதன் மதிப்பை அழித்துவிடுகின்றனர். அதை மீட்க வழியில்லை.

மறுபூச்சைக் கண்டறிய வணிகர்கள் புற ஊதா விளக்கைப் பயன்படுத்துகின்றனர். பழைய நைட்ரோசெல்லுலோஸ் மெருகு அவ்விளக்கில் பசுமை கலந்து ஒளிரும். பின்னர் பூசப்பட்ட இடம் வேறுபட்டுத் தெரியும்.

நிறம் மங்குதலும் இங்குக் குறையாகக் கருதப்படுவதில்லை. கிப்சன் நிறுவனம் 1958 முதல் 1960 வரை செய்த லெஸ் பால் ஸ்டாண்டர்டு கிதார்கள் 2,000-க்கும் குறைவானவை. அவற்றின் ஓரங்களில் பூசப்பட்ட சிவப்புச் சாயம் சூரிய ஒளியில் வெளிறும் தன்மை கொண்டது. இதனால் ஒவ்வொரு கிதாரும் தேன், எலுமிச்சை, புகையிலை எனத் தனித்தனி நிறமாக மாறியது. சாயத்தின் குறையால் விளைந்த இந்த மாற்றத்தையே இன்று சேகரிப்பாளர்கள் தேடுகின்றனர்.

புகழ்பெற்றோரின் கிதார்கள்

அறியப்பட்ட இசைக்கலைஞர் ஒருவர் நெடுங்காலம் வாசித்த கிதாரில், சேதமே அடையாளமாகிறது. அயர்லாந்தின் ரோரி கேலகரின் 1961ஆம் ஆண்டு ஃபெண்டர் ஸ்டிராட்டோகாஸ்டரில் வண்ணம் பெரும்பாலும் உதிர்ந்து வெறும் மரமே தெரிகிறது. 1963இல் கார்க் நகரக் கடையொன்றில் 100 பவுண்டுக்கு வாங்கப்பட்ட இக்கிதார், 2024இல் லண்டன் ஏலத்தில் 8,89,400 பவுண்டுக்கு விற்கப்பட்டது. பிங்க் ஃபுளாய்டு குழுவின் டேவிட் கில்மோர் பலமுறை பாகங்களை மாற்றிய கருப்பு ஸ்டிராட்டோகாஸ்டர் 2019இல் நியூயார்க் ஏலத்தில் 39,75,000 டாலர் பெற்றது.

வில்லி நெல்சன் 1969 முதல் வாசித்துவரும் "டிரிக்கர்" என்னும் மார்ட்டின் என்-20 கிதாரின் மேற்பலகையில், தந்தி மீட்டும் கை உராய்ந்து பெரிய ஓட்டையே விழுந்துள்ளது. செவ்வியல் கிதார்களில் கீறல் தடுக்கும் தகடு இல்லாததே இதற்குக் காரணம். அந்த ஓட்டை அடைக்கப்பட்டால் அது டிரிக்கராக இராது. எனினும் இவ்விலைகள் சேதத்துக்காகத் தரப்படுபவை அல்ல. சேதம் சான்று பகரும் வரலாற்றுக்காகத் தரப்படுபவை. பெயரறியாத ஒருவரின் கிதாரில் அதே ஓட்டை வெறும் ஓட்டையாகவே மதிக்கப்படும்.

செயற்கைத் தேய்மானம்

தேய்ந்த கிதார்களின் மீதான ஈர்ப்பைக் கண்ட ஃபெண்டர் நிறுவனம், 1995இல் தன் கஸ்டம் ஷாப் பிரிவின் மூலம் "ரெலிக்" வரிசையை அறிமுகப்படுத்தியது. புதிய கிதாரில் வேண்டுமென்றே கீறல், துரு, வண்ண உதிர்வு ஆகியவற்றை உண்டாக்கி விற்பதே இதன் முறை. கிப்சன் நிறுவனமும் பின்னர் மர்ஃபி லேப் என்ற பெயரில் இத்தகைய கிதார்களை விற்கத் தொடங்கியது. இவற்றில் தேய்மானம் மிகுந்தவற்றுக்குக் கூடுதல் விலை கேட்கப்படுவதும் உண்டு. ஆனால் உரிமையாளரே வீட்டில் உப்புத்தாளால் தேய்த்து இவ்வாறு செய்தால், சந்தை அதைச் சேதமாகவே கொள்ளும், விலை குறையும்.

வாங்குவோரும் விற்போரும் கவனிக்க வேண்டியவை

இணையச் சந்தைகளில் கிதார்கள் புதியது போன்றது, மிக நன்று, நன்று, சுமார் என்றவாறு தரப்படுத்தப்படுகின்றன. இச்சொற்களை விற்பவரே தேர்ந்தெடுப்பதால், அவற்றைவிடத் தெளிவான ஒளிப்படங்களே நம்பத்தக்கவை.

வாங்குபவர் கீறல்களை எண்ணுவதற்கு முன் கழுத்தின் நேர்மை, ஃப்ரெட்டுகளின் தேய்மானம், தந்திகளின் உயரம், பாலத்தின் பின்னால் பலகை உப்பியுள்ளதா என்பது, தலைப்பகுதி இணைப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சென்னை போன்ற கடலோர நகரங்களில் காற்றின் ஈரப்பதம் மிகுதி என்பதால், பலகை உப்பலும் உலோகத் துருவும் சிறப்பாகக் கவனிக்கத்தக்கவை. திடமரக் கிதார்களுக்கு 45 முதல் 55 விழுக்காடு வரையிலான ஈரப்பதம் ஏற்றதாகப் பரிந்துரைக்கப்படுகிறது. குறைந்த பணத்தில் நல்ல கருவி தேடும் மாணவருக்குத் தோற்றச் சேதம் ஒரு வாய்ப்பாகும். கீறலுள்ள நல்ல கிதார், பளபளக்கும் மட்டமான கிதாரைவிடச் சிறந்த ஒலியைத் தரும்.

விற்பவர் எல்லாச் சேதங்களையும் படத்துடன் வெளிப்படையாகக் கூறுவது நேர்மை மட்டுமன்று, பயனும் தருவது. சொல்லப்பட்ட கீறல் விலையைச் சற்றே குறைக்கும். மறைக்கப்பட்டுப் பின்னர் கண்டறியப்பட்ட கீறலோ கிதாரின் மற்றப் பகுதிகளையும் ஐயத்துக்குள்ளாக்கும். குறிப்பாக, ஒட்டிச் சரிசெய்த முறிவை மெருகால் மறைத்து விற்பது வாங்குபவரை ஏமாற்றுவதாகும். ஏனெனில் அவர் முழு விலை கொடுத்து வாங்கிய கருவியை, உண்மையைச் சொல்லி விற்க முற்படும்போது பாதி விலைக்கே விற்க நேரிடும்.