அப்டேட்டுக்குப் பிறகு லேப்டாப் கொதிக்கிறதா?

விண்டோஸ் 10-க்கு வழக்கமாகக் கிடைத்துவந்த இலவசப் பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. அம்பத்தூர் எஸ்டேட்டின் சிறு பட்டறைகளிலும் ஆவடி, பூந்தமல்லி வீடுகளிலும் பலர் விண்டோஸ் 11-க்கு மாறிவிட்டார்கள். மாறியதும் பலருக்கு வரும் முதல் கவலை சூடு. ஃபார்மட் செய்துவிடலாம் என்று மெஷினைத் தூக்கிக்கொண்டு ரிச்சி தெருக் கணினிக் கடைகளுக்கு ரயிலேறும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

ஒன்றுமே செய்யாமல் வைத்திருந்தாலும் ஃபேன் சத்தம் போடுகிறதே?

திரையில் ஒன்றும் ஓடாவிட்டாலும் உள்ளே நிறைய வேலை நடக்கிறது. புது விண்டோஸ் வந்ததும் உங்கள் ஃபைல்களைத் தேடுவதற்கான இண்டெக்ஸ் பட்டியல் மறுபடி கட்டப்படுகிறது. டிஃபெண்டர் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்கிறது. ஒன்டிரைவ் தன் பங்குக்கு ஒவ்வொரு ஃபைலையும் சரிபார்க்கிறது. பாக்கி நிற்கும் அப்டேட் வேலைகளும் பின்னாலேயே ஓடுகின்றன. எல்லாம் ஒரே நேரத்தில் நடப்பதால் பிராசஸர் சூடாகிறது.

சுடுகிறதே என்று பயந்து பலர் உடனே ஷட்டவுன் செய்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் வேலை முடியாது. அடுத்த முறை ஆன் செய்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். சார்ஜரைச் செருகி, ஸ்லீப் ஆகாதபடி மாற்றி, கெட்டியான மேசை மேல் வைத்து ஓரிரு இரவுகள் ஓட விடுங்கள். பெரும்பாலும் தானாக அடங்கிவிடும். மேக்கிலும் இதே கதைதான்: ஸ்பாட்லைட் தேடலும் போட்டோக்களை அலசும் வேலையும் அப்டேட்டுக்குப் பின் மும்முரமாக நடக்கும்.

எந்த வேலை பிராசஸரை இழுக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் சி.பி.யு. என்ற தலைப்பைக் கிளிக் செய்தால் அதிகம் இழுப்பவை மேலே வரும். விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் வொர்க்கர், ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள், சர்ச் இண்டெக்ஸர் ஆகிய பெயர்கள் தெரிந்தால் பயம் வேண்டாம், அவற்றை நிறுத்தவும் வேண்டாம். ‘சிஸ்டம் இன்டரப்ட்ஸ்’ விடாமல் உச்சத்தில் நின்றால் பழைய டிரைவர் மீது சந்தேகப்படலாம். லேப்டாப்பின் மாடல் எண்ணைப் பார்த்து, அதைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே புது டிரைவரை இறக்குங்கள். எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் புதுப்பித்துத் தருவதாக விளம்பரம் வரும் செயலிகளைத் தொடாதீர்கள்; அவை கூடுதல் தொல்லையைக் கொண்டுவரக்கூடியவை. எப்போதோ போட்ட, காலாவதியான ஆன்டிவைரஸ் இருந்தால் அதையும் நீக்கிவிடுங்கள்.

மேக்கில் ‘கெர்னல் டாஸ்க்’ உச்சத்தில் இருந்தால் அதைக் குற்றவாளி என்று நினைக்க வேண்டாம். மற்ற செயலிகளுக்குப் பிராசஸர் கிடைக்காமல் செய்து சூட்டைக் குறைப்பது அதன் வேலைகளில் ஒன்று.

ஒரு வாரமாகியும் குறையவில்லை. அப்டேட்டிலேயே கோளாறு இருக்குமா?

இருக்கலாம். 2019 ஆகஸ்ட் கடைசியில் வந்த ஒரு விண்டோஸ் 10 அப்டேட், சில கணினிகளில் கோர்ட்டானா தேடலைப் பிராசஸரை விழுங்க வைத்தது. செப்டம்பர் 10-ஆம் தேதி அடுத்த அப்டேட்டில் சரிசெய்தார்கள். 2023-இல் ஐபோன் 15 சுட்டபோதும் ஆப்பிள் அக்டோபரில் ஐ.ஓ.எஸ். 17.0.3-ஐ வெளியிட்டுத்தான் தீர்த்தது. ஆகவே அடுத்த அப்டேட் வந்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய விண்டோஸுக்கே திரும்ப வேண்டுமானால் மாறிய 10 நாளுக்குள் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி பகுதியில் அதற்கு வழி உண்டு. இடம் போதவில்லை என்று ‘விண்டோஸ் ஓல்ட்’ ஃபோல்டரை அதற்குள் அழித்துவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும்.

பள்ளியில் அரசு கொடுத்த லேப்டாப்பில் கடைக்காரர் விண்டோஸ் 11 போட்டுத் தந்தார். அடுப்பாகச் சுடுகிறது.

அரசின் அந்த இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியதே நம் பக்கத்தில்தான்: 2011 செப்டம்பர் 15, திருவள்ளூரை அடுத்த காக்களூர். பல வீடுகளுக்கு அதுதான் முதல் கணினி. இன்றும் அதில் படிக்கும் தம்பி தங்கைகள் உண்டு. ஆனால் விண்டோஸ் 11 கேட்பது, இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரும் டி.பி.எம். 2.0 பாதுகாப்புச் சிப்பும். இல்லாத மெஷினில் சோதனையைத் தாண்டிப் போட முடியும்; போடக் கூடாது என்பேன். ரேம் குறைவாக இருந்தால் மெஷின் ஓயாமல் ஹார்ட் டிஸ்க்கைத் தேடி ஓடும். வருங்கால அப்டேட் கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை.

விண்டோஸ் 10-இலேயே இருந்து, மைக்ரோசாஃப்ட்டின் நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் பதிந்தால் வீட்டு உபயோகக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை அப்டேட் வரும். அதற்குப் பிறகும் ஓட வேண்டுமென்றால் லினக்ஸ்தான். அரசு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸோ, லுபுண்டு போன்ற இலகுவான ஒன்றோ பாடம் படிக்கவும் டைப் செய்யவும் போதும்.

வெயிலுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

நிச்சயம் உண்டு. மேக்புக்கை 10 முதல் 35 டிகிரி வரையுள்ள இடத்தில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். மே மாதத்தில் கடற்காற்று மெரினாவைத் தொட்டு நெடுநேரம் கழித்துத்தான் பூந்தமல்லிக்கு வரும். அதுவரை மாடி அறை 35-ஐத் தாண்டியே இருக்கும். மெத்தை மேல் வைத்தால் காற்று போகும் துளையும் அடைபடும். பட்டறைத் தூசியும் சாலைத் தூசியும் ஃபேனில் படிந்தால், அப்டேட் போட்ட அன்றைய கூடுதல் வேலையை அது தாங்காது. கடையில் கொடுத்து ஃபேனைச் சுத்தம் செய்து, பிராசஸர் மேல் தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாகப் பூசச் சொல்லுங்கள்.

செலவில்லாத வழி ஒன்று: பவர் ஆப்ஷன்ஸில் பிராசஸரின் உச்ச அளவை 99 சதவீதமாக வையுங்கள். பல இன்டெல் லேப்டாப்களில் டர்போ வேகம் நின்று சூடு சட்டென்று இறங்கும்.

டச்பேட் கொஞ்சம் மேலே எழும்பியிருக்கிறது. அதுவும் சூட்டினாலா?

பேட்டரி உப்பியிருக்கலாம். சார்ஜரைக் கழற்றி, லேப்டாப்பை அணைத்துவிடுங்கள். அழுத்தியோ குத்தியோ பார்க்க வேண்டாம், தீப்பிடிக்கும். மற்ற சோதனைகளை விட்டுவிட்டு அன்றே சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள்.